முன்னால் போனவர்

நாகர்கோவிலில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் முடிந்த மறுநாள் காலையில் ஆனந்தவள்ளிதான் கேட்டாள்.

"இவ்வளவு தூரம் வந்துட்டோம். கடலோரமாவே ஒரு நாள் போய்ப் பார்த்துட்டு ஊருக்குப் போலாமாங்க?"

முருகானந்தம் லாட்ஜ் அறைக் கண்ணாடி முன்னால் நின்று புதுச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். கல்யாணப் பந்தியில் யாரோ அவர் மேல் ரசத்தைக் கொட்டிவிட்டதால் முந்தின நாள் சாயங்காலம் அவசரமாகக் கடை தேடிப் போய் வாங்கிய சட்டை அது. சாம்பல் நிறத்தில் கட்டம் போட்டது.

"கடல்ல என்ன இருக்கு பார்க்க?" என்றார். அப்புறம் கடைக்கு எப்படியும் இன்றைக்கும் லீவுதான் என்று யோசித்து, "சரி, போலாம். ஆனா அங்கங்க இறங்கி நிக்கிற வேலையெல்லாம் கிடையாது" என்றார்.

அவருக்குத் திருச்சி பாலக்கரையில் மோட்டார் பம்ப் விற்கிற கடை. வீடு திருவானைக்காவலில். ஆனந்தவள்ளி ஸ்ரீரங்கம் தபால் நிலையத்தில் கவுன்டரில் உட்காருகிறாள். ஒரே மகள் பெங்களூரில் வேலையில் இருக்கிறாள். சண்டை சச்சரவு இல்லாத வீடு என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். சண்டை போட வேண்டுமென்றால் இரண்டு பேர் பேச வேண்டும். அவர்கள் வீட்டில் அவ்வளவு பேச்சு கிடையாது.

முருகானந்தத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. எங்கே போனாலும் முன்னால் நடந்து போய்விடுவார். திரும்பிப் பார்க்க மாட்டார். கல்யாணமான புதிதில் அவள் ஓட்டமும் நடையுமாகப் பின்னால் போவாள். பிறகு அதுவும் விட்டுப்போய், அவர் முதுகு கண்ணில் தெரிந்தால் போதும் என்று தன் பாட்டுக்கு நடக்கப் பழகிக்கொண்டாள். ஒரு வைகுண்ட ஏகாதசியன்று ஸ்ரீரங்கம் கோயிலின் ரங்கா ரங்கா கோபுரத்துக்கு வெளியே கூட்டத்தில் அந்த முதுகும் காணாமல் போனது. தேடி வருவார் என்று ஒரு பூக்கடை ஓரத்தில் வெகுநேரம் நின்றாள். கால் கடுத்து, கடைசியில் ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தால், அவர் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "வந்துட்டியா? காபி போடு" என்றார். அவளும் போட்டாள்.

பெயர் சொல்லி அவர் அவளைக் கூப்பிட்டதும் கிடையாது. "இந்தா", "ஏய்", "இங்க பாரு". அவ்வளவுதான். பிறந்த வீட்டில் அவளை வள்ளி என்பார்கள். அப்படிக் கூப்பிட அங்கேயும் இப்போது ஆள் இல்லை.

வெள்ளை மாருதியை எடுத்துக்கொண்டு காலைச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பினார்கள். சங்குத்துறையில் முதலில் நிறுத்தினார்கள். கடல் பச்சையும் நீலமுமாக விரிந்து கிடந்தது. கூட்டம் இல்லை. ஆனந்தவள்ளி கால் நனைத்துவிட்டு வந்தாள். ஓரத்தில் இளநீர் விற்றுக்கொண்டிருந்த அம்மாள் அவர்களைப் பார்த்ததும் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

"அக்கா கெடைச்சாச்சா! மாதாவே, நல்லதாப் போச்சு."

முருகானந்தம் புரியாமல் பார்த்தார். "யாரும்மா நீங்க?"

"என்ன சாரே, இப்பந்தானே வந்து தேடிக்கிட்டுப் போனீங்க? இந்த அக்கா போட்டோவைப் போன்ல காட்டிக் காட்டிக் கேட்டியலே. இதே சேலைதாம்லா." ஆனந்தவள்ளியின் முந்தானையைத் தொட்டுக் காட்டினாள். "நீங்க பதறுன பதறுல எனக்கே கைகால் ஓடல."

"நாங்க இப்பதான் வர்றோம். நீங்க வேற யாரையோ பார்த்திருப்பீங்க."

"இதே சட்டை. இதே வெள்ளக் காரு. திருச்சின்னு சொன்னீங்க." அந்த அம்மாள் அவர் முகத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிப்பு மெல்ல அடங்கியது. இரண்டு இளநீரை வெட்டிக் கொடுத்துவிட்டு, காசை வாங்கும்போது அவர் விரல் படாமல் வாங்கிக்கொண்டாள்.

காரில் ஏறியதும் முருகானந்தம் சிரித்தார். "வெயில்ல உட்கார்ந்து உட்கார்ந்து மூளை குழம்பிப் போச்சு போல."

ஆனந்தவள்ளியும் சிரித்தாள். ஆனால் அவள் அன்றைக்குக் கட்டியிருந்தது மகள் தீபாவளிக்கு வாங்கி அனுப்பிய அரக்கு நிறச் சேலை. அதை இன்றுதான் முதல் தடவையாக உடுத்தியிருந்தாள்.

முட்டத்துக்குப் போகும் பாதை தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஏறி இறங்கியது. மேட்டில் ஏறியதும் சட்டென்று கடல் காலடியில் தெரிந்தது. யானைக் கூட்டம் படுத்துக் கிடப்பதுபோல கரும்பாறைகள். அலை வந்து மோதும்போது பாறை இடுக்கெல்லாம் வெள்ளையாக நுரைத்துப் பொங்கி வடிந்தது. அவள் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வண்டி நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழிக்கிறவர் கையை அசைத்தார். "வேண்டாம் சார். காலைலயே வாங்கிட்டீங்கல்லா. ஒரு நாளைக்கு ஒரு சீட்டு போதும்." பிறகு குனிந்து காருக்குள் பார்த்தார். "அப்ப மேடம் கெடைச்சிட்டாங்க? எங்க இருந்தாங்க?"

முருகானந்தத்தின் கை ஸ்டியரிங்கில் அப்படியே நின்றது.

ஆனந்தவள்ளி இறங்கினாள். "அண்ணே, அவர் என்ன சொன்னாரு? கொஞ்சம் விவரமாச் சொல்லுங்க."

"உங்க வீட்டுக்காரர்தானேம்மா? என்கிட்ட எதுக்குக் கேக்கீங்க?"

"பரவாயில்ல. சொல்லுங்க."

அவர் தலையைச் சொறிந்தார். "நான் முன்னாடி நடந்து போய்க்கிட்டிருந்தேன், திரும்பிப் பார்த்தா ஆளைக் காணோம்னாரு. பாறைக்கெல்லாம் இறங்கிப் போய் கத்துனாரு. ஏறி வாங்கன்னு நாங்க சொன்னது எதையும் காதுல வாங்கல. வள்ளி, வள்ளின்னு தொண்டை கட்டிப்போற அளவுக்கு. மேற்க போயிருப்பாங்களோன்னு கேட்டுக்கிட்டுக் கிளம்பிட்டாரு." அவர் முருகானந்தத்தை இன்னொரு தடவை பார்த்தார். "காலைல ரொம்பத் தளர்ந்து போயிருந்தீங்க சார். இப்பப் பரவாயில்ல."

ஆனந்தவள்ளி காரின் கதவைப் பிடித்துக்கொண்டாள். வள்ளி என்ற பேரை இந்த ஊரில் யாரிடமும் சொன்னதில்லை.

அவர்கள் பாறைப் பக்கம் இறங்கவில்லை. முருகானந்தம் வண்டியைத் திருப்பி, மேட்டிலிருந்து கொஞ்ச தூரம் வந்து ஓரமாக நிறுத்தினார். முகம் வியர்த்திருந்தது.

"ஊருக்குக் கிளம்பிடலாம். இது எனக்குச் சரியாப் படல."

"எங்க?"

"திருச்சிக்குத்தான். நேரா. எங்கயும் நிக்காம."

அவள் கண்ணாடி வழியே கடலைப் பார்த்தாள். "அந்த ஆளு என்னைத் தேடிக்கிட்டு இருக்காருங்க."

"எந்த ஆளு? அப்படி ஒரு ஆளே கிடையாது."

"ஊரு பூரா பார்த்திருக்காங்க. நான் இங்க நல்லாத்தான் இருக்கேன்னு அவருக்கு யாராவது சொல்ல வேண்டாமா?"

"உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு? நீ காணாமப் போனாத்தானே அவன் தேடணும்? அப்படின்னா என்ன அர்த்தம்? இந்தக் கடற்கரையில உனக்கு ஏதோ ஆகப்போகுதுன்னு அர்த்தம். நீ பாட்டுக்கு அதுக்குப் பின்னாடியே போறேங்கிற."

அவர் சொன்னது நியாயம்தான். அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. அதை அவள் அவரிடம் சொல்லவில்லை. தொண்டை கட்டிப்போகும் அளவுக்கு ஒருவர் தன் பேரைச் சொல்லிக் கத்தியிருக்கிறார். அவரை அப்படியே அந்த வெயிலில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய் சோறு வடிக்க அவளால் முடியாது.

கதவைத் திறந்து கீழே இறங்கினாள்.

"நீங்க போங்க. நான் பஸ்ல போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்."

இத்தனை வருஷத்தில் அவள் இப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. "ஏறு" என்றார் கடைசியில். வண்டி மேற்கே போனது.

கடல் இடது பக்கத்தில் வந்துகொண்டே இருந்தது. கடியப்பட்டணம், மணவாளக்குறிச்சி, மண்டைக்காடு. ஒவ்வொரு ஊர் முனையிலும் ஒரு வெள்ளைக் கார் நின்றால் அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் பார்க்காமல் இருக்க முயன்றார்.

குளச்சலில் தலைவலி மாத்திரை வாங்க ஒரு மருந்துக் கடையில் நிறுத்தினார்கள். கடையில் ஒரு பெண் மட்டும் இருந்தாள். மேல்கோட்டில் சம்ரீன் என்று பேர் குத்தியிருந்தது. முருகானந்தத்தைப் பார்த்ததும் மாத்திரையை எடுக்கப்போன கை நின்றது.

"உங்க அண்ணன் இப்ப எப்படி இருக்காங்க சார்?"

"எனக்கு அண்ணன் கிடையாதும்மா."

"அப்படியா? முகம் அச்சு அசலா இருக்கே." அவள் ஆனந்தவள்ளியைப் பார்த்தாள். குரல் தணிந்தது. "அல்லாஹ்! போட்டோல இருந்தது நீங்கதானே?"

"ஆமாம்மா" என்றாள் ஆனந்தவள்ளி. "அவர் இங்க வந்தாரா?"

"மதியத்துக்கு முன்னாடி வந்தாங்க. பாறைல சிப்பி வெட்டிக் கால் கிழிஞ்சு போயிருந்துச்சு. நான்தான் மருந்து போட்டுக் கட்டினேன். உட்காருங்கன்னா உட்காரல. தண்ணி கொடுத்தேன், குடிக்கல. முடியெல்லாம் பாதி வெளுத்து, பார்க்கவே பாவமா இருந்துச்சு. எங்க வாப்பா வயசு இருக்கும். அந்த வயசுல ஒருத்தர் அப்படி அழுது நான் பார்த்ததில்ல."

முருகானந்தம் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. காதோரம் நாலு முடி நரைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

சம்ரீன் மேசைக்கு அடியிலிருந்து ஒரு பழைய செருப்பை எடுத்து வைத்தாள். "கட்டுப் போட்டதும் காலு நுழையல. இதை இங்கயே விட்டுட்டு வெறுங்காலோட போயிட்டாங்க. பார்த்தீங்கன்னா கொடுத்துடுங்க."

இடது கால் செருப்பு. வாரின் ஓரத்தில் கறுப்பு நூலால் இரண்டு தையல். போன மாதம் திருவானைக்காவல் கடைவீதி முனையில் அவர் தைத்து வாங்கிய அதே இரண்டு தையல். ஆனால் அதற்குப் பக்கத்தில் இன்னும் பல தையல்கள் இருந்தன. பழுப்பு நூல், வெள்ளை நூல், மீன்வலை நூல். குதிகால் பக்கம் தேய்ந்து தேய்ந்து அடித்தோல் காகிதம் மாதிரி ஆகிவிட்டிருந்தது. முருகானந்தம் குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு அந்தச் செருப்பைப் பார்த்தார். கையில் எடுக்கவில்லை.

"இங்கயே இருக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டு மாத்திரையை வாங்காமலே வெளியே வந்தார்.

காரில் உட்கார்ந்தும் வண்டியைக் கிளப்பவில்லை. "எவனோ நடிக்கிறான்" என்றார். சொல்லும்போதே அதில் சத்து இல்லை என்று அவருக்கே தெரிந்தது.

ஆனந்தவள்ளி தன் போனை எடுத்தாள்.

"யாருக்குப் போடறே?"

"உங்க நம்பருக்கு."

"என் போன் இதோ இருக்கு." வழி காட்டுவதற்காக அவருடைய போன் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தது.

"தெரியும்" என்றாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

மணி அடித்தது. அவளுடைய போனில் கேட்டது. கண்ணெதிரே இருந்த போன் அசையவில்லை, வெளிச்சம் வரவில்லை. வரைபடத்தில் அவர்கள் நின்ற இடம் நீலப் புள்ளியாக அப்படியே இருந்தது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு யாரோ எடுத்தார்கள்.

முதலில் காற்று. அதற்குப் பின்னால் அலை மோதும் சத்தம். மூச்சு வாங்குவது கேட்டது.

"வள்ளி?"

முருகானந்தத்தின் குரல்தான். ஆனால் தேய்ந்து, உடைந்து போயிருந்தது.

"நான்தாங்க" என்றாள் அவள். கண்ணில் நீர் முட்டியது. "நான் நல்லா இருக்கேன். எங்கயும் போயிடாதீங்க. அங்கயே இருங்க, நான் வந்துக்கிட்டே இருக்கேன்."

"வள்ளி... எங்கம்மா இருக்கே? நான் எல்லா இடமும்..."

காற்று பெரிதாக அடித்தது. இணைப்பு அறுந்தது. அவள் மறுபடி போட்டாள். இந்தத் தடவை ஸ்டியரிங் பக்கத்தில் இருந்த போன் அதிர்ந்து கத்தியது. முருகானந்தம் கத்திக்கொண்டிருந்த போனையே பார்த்தார், எடுக்கவில்லை. அது தானாகவே நின்றது.

வண்டியைக் கிளப்பினார். இப்போது அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அதற்கப்புறம் சாலை ஊர்களுக்குள் நுழைந்து நுழைந்து வெளியே வந்தது. ஒரு பக்கம் வீடுகள், மாதா சிலை நிற்கும் கெபி, சர்ச் கோபுரம். மறுபக்கம் பாறை, கடல். வெயில் சாய்ந்து தண்ணீர் செம்பு நிறமாகப் பளபளத்தது. அவ்வளவு அழகான இடத்தை ஆனந்தவள்ளி அதுவரை பார்த்ததில்லை. பார்க்கவும் தோன்றவில்லை.

குறும்பனையைத் தாண்டி ஒரு சின்ன ஊரில் சாலை கடல் மேட்டோடு முடிந்தது. மினி லாரியிலிருந்து ஐஸ் பெட்டி இறக்கிக்கொண்டிருந்த நடுவயது ஆள் கையைக் காட்டி வண்டியை நிறுத்தினார். பேர் டோமினிக் என்றார்.

"வண்டியை இங்கயே விடுங்க. கீழ போவாதீங்க. இன்னைக்குக் கள்ளக்கடல் வரும்னு சொல்லியிருக்காவ."

"அப்படின்னா?"

"காத்தும் இருக்காது, மழையும் இருக்காது. கடல் சும்மா கிடக்கிற மாதிரி கிடக்கும். திடீர்னு ஒரு தள்ளு தள்ளிக்கிட்டு மேல ஏறி வரும். ஆளை இழுத்துட்டுப் போயிரும்." பிறகு முருகானந்தத்தை உற்றுப் பார்த்தார். "அந்தப் பெரியவரைக் கூட்டிட்டுப் போகத்தானே வந்தீங்க? உங்க அப்பாவா?"

முருகானந்தம் இன்ஜினை அணைத்தார்.

"எங்க இருக்காரு?" என்றாள் ஆனந்தவள்ளி.

டோமினிக் கையை நீட்டினார். கரையிலிருந்து கடலுக்குள் நீண்ட பாறைகளின் நுனியில், தனியாக நின்ற ஒரு பெரிய பாறையின் மேல் ஒரு ஆள் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சாம்பல் நிறச் சட்டை. ஒல்லியான முதுகு. தலை பஞ்சு மாதிரி வெளுத்திருந்தது. "மதியத்துல இருந்து அங்கதான் இருக்காரு. நாங்க நாலு பேரு போய்க் கூப்பிட்டும் வரல. போன் வந்துச்சு, அவ வரேன்னு சொன்னா, நான் இங்கயே இருக்கணும்கிறாரு."

ஆனந்தவள்ளி அந்த முதுகைப் பார்த்தாள். அடுத்த நிமிஷம் சரிவில் இறங்க ஆரம்பித்திருந்தாள்.

"அம்மா! யம்மா! போவாதீங்க!" என்று டோமினிக் கத்தினார்.

முருகானந்தம் அவள் பின்னால் இறங்கினார். அவர் நினைத்ததைவிட அவள் வேகமாகப் போனாள். மணலைத் தாண்டி முதல் பாறையில் ஏறிவிட்டாள். புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தடுமாறாமல், பழகின படிக்கட்டில் போவதுபோல ஒரு பாறையிலிருந்து அடுத்ததற்குப் போனாள். அவருக்குக் கால் வழுக்கியது. மண்டியிட்டு விழுந்து எழுந்தார்.

"இந்தா! ஏய்! நில்லு!"

அவள் நிற்கவில்லை. அவள் காதில் விழுந்ததா என்றும் தெரியவில்லை. கடல் சத்தமே இல்லாமல் கிடந்தது. பாறைகளுக்கு நடுவே இருந்த தண்ணீர் மெல்லப் பின்வாங்கி வற்றிக்கொண்டிருந்தது. இதுவரை வெளியே தெரியாத கறுப்புக் கற்கள் பாசியோடு ஒவ்வொன்றாக மேலே வந்தன. கரையிலிருந்து டோமினிக்கும் இன்னும் சிலரும் கையை ஆட்டிக் கத்தினார்கள்.

அவளுக்கும் அந்த ஆளுக்கும் நடுவே இப்போது ஒரு பள்ளம் மட்டும் இருந்தது. அதில் இறங்கி ஏறினால் போதும். அவள் ஒரு காலைக் கீழே வைத்தாள்.

முருகானந்தத்துக்கு அப்போது வந்த பயம் மாதிரி வாழ்க்கையில் எப்போதும் வந்ததில்லை. அது குரலாக வெளியே வந்தது.

"வள்ளீ!"

அவள் நின்றாள்.

பாறை நுனியில் உட்கார்ந்திருந்தவரும் எழுந்தார். மெல்லத் திரும்பினார். இரண்டு குரலும் ஒன்றுதானா என்று யோசிப்பதுபோல ஆனந்தவள்ளி அந்தப் பக்கம் பார்த்தாள், இந்தப் பக்கம் பார்த்தாள்.

"வள்ளி, வந்துடும்மா. வள்ளி, இங்க வா." முருகானந்தம் கையை நீட்டிக்கொண்டு அழுதார். அழுகிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை.

அவள் காலை மேலே எடுத்துக்கொண்டு அவரை நோக்கி இரண்டு எட்டு வைத்தாள். அவர் பாய்ந்து அவள் கையைப் பிடித்தார். அதற்குள் கடல் எழும்பிவிட்டது. அது அலை மாதிரி சுருண்டு வரவில்லை. தரையே மேலே ஏறுவதுபோல மொத்தமாக வந்தது. பள்ளம் நிரம்பியது, பாறை மூழ்கியது. இடுப்பு வரை தண்ணீர் வந்து அவர்களைத் தூக்கி ஒரு கல்லில் மோதியது. ஒரு கையால் கல்லின் விளிம்பையும் மறு கையால் அவளையும் பிடித்துக்கொண்டு முருகானந்தம் கண்ணை மூடிக்கொண்டார்.

தண்ணீர் வடிந்தபோது டோமினிக்கின் ஆட்கள் கயிற்றோடு வந்து இருவரையும் கரைக்கு இழுத்தார்கள். பாறை நுனியில் யாரும் இல்லை.

இருட்டுவதற்குள் இரண்டு படகுகள் இறங்கித் தேடின. ஒன்றும் கிடைக்கவில்லை. பெரியவர் வந்த காரை எங்கே நிறுத்தியிருந்தார் என்று டோமினிக்கிடம் கேட்டபோது, "காரா? நடந்துதான் வந்தாரு" என்று சொல்லிவிட்டார். போலீஸில் என்ன எழுதுவது என்று அவரே தயங்கினார். "உங்களுக்கு யாரு சார் அவரு?" என்று மூன்றாவது தடவையாகக் கேட்டார். முருகானந்தம் ஈரத் தலையோடு மணலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆனந்தவள்ளி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். அந்த ஊர்ப் பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். புருஷனைக் கடலுக்குக் கொடுத்த பொம்பளைக்கு ஆறுதல் சொல்கிற மாதிரியே சொன்னார்கள். அவளும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் திருவானைக்காவல் வந்து சேர்ந்தார்கள். அவர் கடைக்குப் போனார். அவள் தபால் நிலையத்துக்குப் போனாள். அந்த நாளைப் பற்றி இருவரும் பேசவில்லை. ஆனால் வீட்டில் ஏதோ மாறிப்போயிருந்தது. அவள் பூ வைத்துக்கொள்வதை நிறுத்திவிட்டாள். மோர் மட்டும் ஊற்றிச் சாப்பிட்டாள். சில சமயம் சமையலறையிலிருந்து அவரை எட்டிப் பார்ப்பாள். அவர்தானா என்று சரிபார்ப்பது மாதிரி இருக்கும் அது. யாரோ செத்துப்போன வீட்டில் தான் விருந்தாளியாக இருப்பதாக முருகானந்தத்துக்குத் தோன்றியது.

ஒரு நாள் காலையில் அவள் சொன்னாள்: "அம்மா மண்டபம் படித்துறை வரைக்கும் போயிட்டு வரலாம். அவருக்கு எள்ளும் தண்ணியும் விடணும்."

"யாருக்கு?"

அவள் எள்ளுப் பொட்டலத்தை எடுத்துப் பையில் வைத்தாள்.

"நான் உயிரோட இருக்கேன், வள்ளி."

"தெரியுங்க. இது உங்களுக்கு இல்ல. அவருக்கு." அவள் குரலில் கோபம் இல்லை. "அவருக்கு வேற யாரு இருக்கா? நாமதான் செய்யணும்."

காவிரியில் தண்ணீர் நிறைய ஓடியது. அமாவாசை இல்லாத நாள், அதனால் படித்துறையில் கூட்டம் இல்லை. ஒரு சாஸ்திரிகளிடம் விஷயத்தைப் பட்டும் படாமலும் சொன்னாள். கடலில் போனவர், சடலம் கிடைக்கவில்லை, உறவுமுறை சரியாகத் தெரியாது.

"உறவில்லாதவாளுக்கும் பண்ணலாமே. காருண்ய தர்ப்பணம்னே இருக்கு. பேஷா பண்ணலாம்" என்றார் அவர். முருகானந்தத்தை ஈர வேட்டியோடு உட்கார வைத்து விரலில் தர்ப்பையை மாட்டினார். "உங்க பேர் சொல்லுங்கோ."

"முருகானந்தம்."

"போனவா பேரு?"

முருகானந்தம் ஆனந்தவள்ளியைப் பார்த்தார். அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முருகானந்தம்" என்றார்.

சாஸ்திரிகள் தலையை நிமிர்த்தினார். அவள் கழுத்தில் இருந்த தாலியைப் பார்த்தார். ஒரு கணம் மந்திரம் நின்றது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு அவரே தொடர்ந்தார். முருகானந்தம் அந்தப் பேரைத் திரும்பச் சொல்லி எள்ளையும் தண்ணீரையும் கட்டைவிரல் வழியாக விட்டார். ஒவ்வொரு தடவை விடும்போதும் தண்ணீர் கையைவிட்டுப் போவதற்குச் சற்று நேரம் பிடிப்பது போலிருந்தது. மறுபக்கத்திலிருந்து யாரோ கை ஏந்தி, நிதானமாக வாங்கிக்கொள்வது போல.

எல்லாம் முடிந்து சாஸ்திரிகள் எழுந்து போனதும் அவர் படியிலேயே உட்கார்ந்திருந்தார். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கடைசியா திரும்பினானே. உன்னைப் பார்த்தானா?" என்று கேட்டார்.

"பார்த்தாரு."

"ஏதாவது சொன்னானா?"

"ஒண்ணும் சொல்லல. சும்மா பார்த்தாரு. அவ்வளவு வருஷம் தேடின களைப்பு முகத்துல இருந்துச்சு. ஆனா அப்புறம் அது போயிடுச்சுங்க."

எதிர்க்கரையில் யாரோ துணி துவைக்கும் சத்தம் கேட்டது. முருகானந்தம் அன்றிலிருந்து கேட்க நினைத்துக்கொண்டிருந்ததைக் கேட்டார்.

"நான் கூப்பிடலன்னா, நீ அவன்கிட்ட போயிருப்பியா?"

ஆனந்தவள்ளி அவர் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்லலாமா என்று யோசித்த மாதிரி இருந்தது.

"போயிருப்பேன்" என்றாள்.

துண்டை அவர் தோளில் போட்டுவிட்டு, படியேறிப் போய்ப் பையில் சாமான்களை எடுத்து வைக்க ஆரம்பித்தாள். முருகானந்தம் குனிந்து, உள்ளங்கையில் ஒட்டியிருந்த எள்ளை ஆற்றில் கழுவினார். ஒன்றிரண்டு மட்டும் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.